முதலில் யார் கணக்குக் காட்டுவது?
உத்திரமேரூர்க் கல்வெட்டும் செபி விதிகளும்: ஓர் ஒப்பாய்வு

பெருநகர் என்ற எங்கள் ஊரில், என் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் நடந்தது இது. மனை ஒன்றை விற்ற பணம் 12 லட்சம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தோள்பையோடு ஊர்க்காரப் பையன் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெரியம்மா மோர் கொண்டுவந்து வைப்பதற்குள் ஆதார் நகல், பான் அட்டை நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம், இரண்டு போட்டோ எல்லாம் அந்தப் பைக்குள் போய்விட்டன. படிவத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த நான்கு இடங்களில் கையெழுத்து. மற்ற கட்டங்களை ஆபீசில் நிரப்பிக்கொள்வதாகச் சொன்னார். பெரியப்பா ஒரு நொடி பேனாவை நிறுத்தியபோது, "இன்னா மாமா யோசிக்கிறீங்க, உங்க கண்ணு முன்னாடி வளர்ந்த புள்ள நான்" என்றார். அதற்குமேல் ஒரு மனிதர் என்ன கேட்க முடியும்?

கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் இருந்தது. சொந்தக்காரரிடம் கைமாற்றாக வாங்கிய 2 லட்சம் இருந்தது. மறு தை மாதம் சின்ன மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். இவற்றில் ஒன்றைக்கூட வந்தவர் கேட்கவில்லை, பெரியப்பாவும் சொல்லவில்லை. 15 ஆண்டுகள் தவறாமல் பிரீமியம் கட்ட வேண்டிய ஒரு பாலிசியில் பணம் போயிற்று. இரண்டு பிரீமியத்தோடு கை வறண்டது. சரண்டர் செய்தபோது கட்டியதில் பாதிகூடத் திரும்பவில்லை.

பெரியப்பா ஏமாளி இல்லை. நெல் மூட்டை எடை போடும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதவர். அப்படிப்பட்டவர், தன் வாழ்நாள் பணத்தை ஒப்படைக்கும் இடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் நம் ஊர் இருக்கும் உத்திரமேரூர் வட்டத்தில்தான், பிறர் சொத்தைக் கையாளப் போகிறவன் முன்கூட்டியே எதையெல்லாம் காட்ட வேண்டும் என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

இரண்டு ஆவணங்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919, மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறை என்று பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் படித்தது இதைத்தான். ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் ஊருக்காகக் கவனிக்கும் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் இவை.

இதன் பக்கத்தில் நான் வைத்துப் பார்ப்பது, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2013 ஜனவரியில் அறிவித்த முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறை விதிகளை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவரின் முதலீட்டுக்கு ஆலோசனை சொல்ல வேண்டுமானால் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. 2020இலும் 2024 டிசம்பரிலும் பெரிய திருத்தங்கள் வந்தன.

ஒன்று ஊர்ப் பொதுச் சொத்தைப் பற்றியது, மற்றது தனி மனிதரின் பணத்தைப் பற்றியது. இந்த வேறுபாட்டை மறக்காமல்தான் ஒப்பிட வேண்டும். ஆனாலும் இரண்டும் விடை சொல்வது ஒரே கேள்விக்கு: அடுத்தவர் செல்வம் ஒருவன் கைக்குப் போகும் முன், அந்த ஒருவன் என்ன காட்ட வேண்டும்?

தகுதி

921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வாரியத்துக்கு வர விரும்புபவனுக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதக் கல்வி வேண்டும். கூடுதலாகப் படித்தவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். காரியத்தில் திறமை வேண்டும். நல்வழியில் பொருள் ஈட்டியவனாகவும் மனத்தூய்மை உள்ளவனாகவும் இருக்க வேண்டும்.

நிலத்தையும் வீட்டையும் ஏன் கேட்டார்கள்? ஊரில் வேரூன்றியவன் இரவோடு இரவாக ஓடிப்போக மாட்டான், தவறு செய்தால் பிடிக்க ஒரு சொத்து இருக்கும் என்பதே காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

செபி விதியும் இதே பாதையில் நடக்கிறது. தொடக்கத்தில் ஆலோசகருக்கு இவ்வளவு நிகரச் சொத்து இருக்க வேண்டும் என்று இருந்தது. 2024 திருத்தம் அதை எடுத்துவிட்டு வைப்புத்தொகை முறையைக் கொண்டுவந்தது. 150 வாடிக்கையாளர் வரை உள்ளவர் 1 லட்சம் ரூபாய் வைப்பு வைக்க வேண்டும். ஆயிரத்தைத் தாண்டினால் 10 லட்சம். வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் போனால், சமரச அல்லது நடுவர் தீர்ப்பின்படி அந்த வைப்பிலிருந்து எடுக்கலாம். அன்று கால் வேலி நிலம் செய்த காவலை இன்று இந்த வைப்புத்தொகை செய்கிறது. கல்வித் தகுதியாகப் பட்டமும், என்.ஐ.எஸ்.எம். என்ற தேசியப் பத்திரச் சந்தை நிறுவனத்தின் தேர்வுகளில் தேர்ச்சியும் கேட்கிறார்கள்.

விதி போட்டவர்கள் தங்கள் விதியையே திருத்திக்கொண்டதும் இரண்டிலும் உண்டு. 919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை என்று இருந்தது, இரண்டே ஆண்டில் மாற்றப்பட்டது. அனுபவத்தில் ஓட்டை தெரிந்தால் அடைக்க வேண்டும் என்ற அக்கறை இரண்டு காலத்தவருக்கும் இருந்திருக்கிறது.

விலக்கு

தகுதியைவிட விலக்குப் பட்டியலில்தான் கல்வெட்டின் கூர்மை தெரிகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமா? தந்தை, மகன், உடன்பிறந்தவர்கள், மாமனார், மருமகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், அத்தை மகன், மாமன் மகன், சின்னம்மா பெரியம்மா மக்கள் என்று உறவு உறவாக எண்ணி விலக்கியிருக்கிறார்கள். பிறர் பொருளைத் திருடியவனுக்கும் இடமில்லை. கள்ள ஆவணம் எழுதியவனுக்கும் இடமில்லை.

உறவின் வழியாகத்தான் ஊழல் வாசலுக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அதே கவலையைப் பார்க்கிறேன். தனி ஆலோசகர் ஒருவர் ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, முதலீட்டுத் திட்டத்தை விற்றுக் கமிஷனும் வாங்கக் கூடாது. அவருடைய குடும்பத்தினரும் அவர் ஆலோசனை சொல்லும் வாடிக்கையாளருக்குத் திட்டம் விற்கக் கூடாது. கணவர் ஆலோசனை சொல்ல, மனைவி பெயரில் கமிஷன் வாங்கும் வழி அடைபட்டது.

ஒரு வேறுபாடு உண்டு. கல்வெட்டு ஒருவன் குற்றத்துக்காகச் சுற்றத்தையே ஒதுக்குகிறது. இன்றைய விதி யாரையும் தண்டிக்கவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு பக்கமும் கூலி வாங்காதே என்கிறது. நியாயம் என்ற அளவில் இன்றைய விதியே மேல். எச்சரிக்கை என்ற அளவில் கல்வெட்டு ஒரு படி கூடுதலாக நிற்கிறது.

கணக்கு

கணக்கு எழுதுபவனைப் பற்றிக் கல்வெட்டு சொல்வதை நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கச் சுவர்களில் எழுதிவைக்கலாம். தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் இடையில் புகுந்து அதை முடித்துவைக்கக் கூடாது. காட்டிச் சுத்தம் என்று தெரிந்த பிறகே அடுத்த முறை எழுத வரலாம். வாரியப் பதவி 360 நாள். பிறகு விலக வேண்டும்.

செபி விதியில் ஆலோசகர் ஆண்டுதோறும் தணிக்கை செய்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தம், அவரைப் பற்றிய மதிப்பீடு, கொடுத்த ஆலோசனை, அதற்கான காரணம் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுகள் காப்பாற்றிவைக்க வேண்டும். தன்மேல் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும். தன்மேல் எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கைகளை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறோம்?

திறந்த உள்ளங்கை

குடவோலை எடுக்கும் காட்சியைக் கல்வெட்டு ஒளிப்படம் போலப் பதிந்திருக்கிறது. சிறுவர் முதல் முதியவர் வரை சபை கூடியிருக்கும். ஓலைகள் போட்ட குடத்தை வயதில் மூத்த நம்பி (கோயில் பூசகர்) ஒருவர் எல்லோரும் பார்க்கத் தூக்கி நிற்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருக்கும் மற்ற நம்பிமாரும் அதையே படிக்க வேண்டும்.

ஏன் ஐந்து விரல்? மடக்கிய விரலுக்குள் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கலாம். கைதேர்ந்த அதிகாரி என்றோ நம் ஊர்க்காரர் என்றோ யாருக்கும் சலுகை இல்லை. கை விரிந்தால்தான் ஓலை விழும்.

பெரியப்பா திண்ணையில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரித்த கை பெரியப்பாவுடையது. வந்தவருடைய கை கடைசிவரை மடங்கியே இருந்தது. அவர் யாருக்கு வேலை செய்கிறார், இந்தப் பாலிசியில் அவருக்கு என்ன கமிஷன், இதைவிட்டால் வேறு என்ன வழி உண்டு என்று ஒன்றும் வெளியே வரவில்லை.

தகவல் போகும் திசை

இந்த இடத்தில்தான் இரண்டு ஆவணங்களும் பிரிகின்றன. சபையில் எல்லாம் பொதுவெளி. யாருக்கு எவ்வளவு நிலம் என்பது ஊருக்கே தெரியும். ஆலோசகரோடு நாம் கொள்ளும் உறவில் அப்படி முடியாது. அவர் நம்மிடம் கேட்டே ஆக வேண்டியவை இருக்கின்றன. வயது, முதலீட்டின் நோக்கம், எத்தனை ஆண்டு பொறுக்க முடியும், வருமானம், ஏற்கெனவே உள்ள சேமிப்பும் சொத்தும், கடன், நட்டத்தைத் தாங்கும் திறன் ஆகியவற்றைக் கேட்டறியாமல் ஆலோசனை சொல்லக் கூடாது என்று செபி விதியே சொல்கிறது. சொல்லும் ஆலோசனை அந்த நிலைமைக்குப் பொருந்த வேண்டும் என்றும் சொல்கிறது. அதோடு, வாடிக்கையாளர் சொன்ன ரகசியத்தை அவருடைய முன் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. சட்டம் கேட்டால் மட்டுமே விலக்கு. 2023ஆம் ஆண்டு வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தகவலை எந்த வேலைக்காக வாங்கினார்களோ அந்த வேலைக்கே பயன்படுத்த வேண்டும் என்கிறது.

ஆகவே ஆலோசகரிடம் எதையுமே சொல்லாமல் இருப்பதும் தவறு. வைத்தியரிடம் சர்க்கரை நோயை மறைத்தால் அவர் தரும் மருந்தே விஷமாகும். நம் வீடுகளில் பெரும்பாலும் மறைப்பது கடனைத்தான். நகைக்கடன், மகளிர் குழுக் கடன், கைமாற்று, மீட்டர் வட்டி என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறோம். நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு மாதந்தோறும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு முதல் முதலீடே அந்தக் கடனை அடைப்பதுதான். அது தெரியாத ஆலோசகர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தவறான வழியையே காட்டுவார்.

நாம் கொடுக்கும் தகவல் இரண்டு வகை. ஆதார், பான், கணக்கு எண், கையெழுத்து ஆகியவை அடையாள விவரம். வரவு, செலவு, கடன், கல்யாணம், படிப்பு ஆகியவை நிலைமை விவரம். நல்ல ஆலோசனைக்கு முதலில் வேண்டியது நிலைமை விவரம். அடையாள விவரம் ஒப்பந்தம் எழுதும்போதுதான் வேண்டும். திண்ணையில் நடந்தது தலைகீழ். படிவத்துக்கு வேண்டியதையெல்லாம் கேட்டவர், குடும்பத்துக்கு வேண்டிய ஒன்றையும் கேட்கவில்லை.

இரண்டின் குறைகள்

கல்வெட்டைப் புகழ்ந்து நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. உத்திரமேரூர் அன்று பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்தச் சபையில் நிலமுள்ள, வேதம் கற்ற ஆண்களுக்கே இடம். வயலில் இறங்கியவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. பொறுப்பேற்பவனைச் சோதிக்கும் முறையை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். யாருக்கு உரிமை என்ற அதன் வரையறையை எடுத்துக்கொள்ள முடியாது.

செபி விதியின் குறை வேறு வகை. அது எட்டும் தூரம் குறைவு. பதிவு பெற்ற ஆலோசகர்கள் நாடு முழுக்கவே ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெருநகரங்களில். நம் பெருநகரின் பெயரில்தான் நகரம் இருக்கிறது. இங்கே திண்ணைக்கு வருபவர் காப்பீட்டு முகவரோ மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரோதான். அவர்கள் தொழிலும் சட்டப்படியானதே. உண்மையாக உழைக்கும் முகவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குக் கமிஷன் தருவது திட்டத்தை நடத்தும் நிறுவனம். அது விற்பனை, அதை ஆலோசனை என்று எடுத்துக்கொண்டதுதான் நம் பிழை.

அதைவிடப் பெரிய ஆபத்து எந்தப் பதிவும் இல்லாதவர்கள். 2022இல் வெடித்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரம் நம் வட மாவட்டங்களை உலுக்கியது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. இப்படிப்பட்ட வைப்புத் திட்டங்களுக்கு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இருக்கின்றன. சட்டம் வந்து நிற்பதோ பணம் போன பிறகுதான். பணம் போகும் முன் நிற்க வேண்டியது நம் கேள்வி.

பெருநகருக்கு ஒரு வரிசை

இரண்டு ஆவணங்களிலிருந்தும் எனக்குக் கிடைப்பது ஒரே பாடம். நம்பிக்கைக்கு வரிசை உண்டு: பொறுப்பை வாங்கிக்கொள்பவர் முதலில் காட்ட வேண்டும், ஒப்படைப்பவர் அதற்குப் பிறகு.

முதல் சந்திப்பில் நாம் கேட்க வேண்டும். உங்கள் பதிவு எண் என்ன? உங்களுக்குப் பணம் யார் தருகிறார்கள், எவ்வளவு? உங்கள்மேல் புகாரோ நடவடிக்கையோ உண்டா? இந்தத் திட்டத்தில் நடுவில் வெளியேறினால் எவ்வளவு போகும்? செபியில் பதிவு பெற்ற ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும். அது உண்மையா என்று செபி இணையதளத்தில் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லலாம். 1800 22 7575 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கவும் செய்யலாம். வைப்புத்தொகை வாங்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று பார்க்க ரிசர்வ் வங்கியின் சாசெட் தளம் இருக்கிறது.

விடை திருப்தியாக இருந்தால் நம் நிலைமையைத் தோராயமாகச் சொல்லலாம். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று எந்தப் போகத்தில் எவ்வளவு வரும், மாதச் செலவு என்ன, கடன் எவ்வளவு, எந்த ஆண்டில் பெரிய செலவு வருகிறது என்ற அளவில். நகல் எதுவும் தர வேண்டாம். வங்கியில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை முதலிலேயே சொன்னால், திட்டம் அந்தத் தொகைக்கு அளவெடுத்துத் தைக்கப்படும். நம் தேவைக்குத் தைக்கப்படாது.

எழுத்தில் ஒப்பந்தம் கைக்கு வந்து, அதை வீட்டில் இரண்டு பேர் படித்த பிறகு முழுக் கணக்கையும் திறக்கலாம். ஆதார், பான் நகல் தரும்போது எதற்காகத் தரப்படுகிறது என்றும் தேதியையும் அதன் குறுக்கே எழுதி, அதன்மேல் கையெழுத்துப் போடுங்கள். செபி விதிப்படி ஒப்பந்தம் ஆகும் முன் ஆலோசகர் கட்டணம் வாங்கக் கூடாது. வாங்குவதும் ரொக்கமாக இருக்கக் கூடாது.

யாருக்கும், எந்த நிலையிலும் தரக் கூடாதவை: ஓ.டி.பி., ஏ.டி.எம். பின் நம்பர், கடவுச்சொல், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, நிரப்பாத படிவத்தில் கையெழுத்து. தந்து ஏமாந்திருந்தால் அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

கட்டணம் கொடுத்து ஆலோசகரிடம் போக வசதி இல்லாதவர்கள், மாவட்ட முன்னோடி வங்கியின் நிதிசார் கல்வி மையத்தில் போய்க் கேட்கலாம். அங்கே விற்பதற்கு ஒன்றும் இல்லை. அதுவே பெரிய தகுதி.

தைப்பூசத்துக்குச் செய்யாற்றில் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் கூடும்போது சொந்தபந்தங்களும் நம் வீட்டுக்கு வரும். போன முறை திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பா தன் கதையைத் தானே சொன்னார். கேட்ட இரண்டு பேர், தங்களிடமும் அதே போலப் பென்சில் குறி போட்ட படிவத்தில் கையெழுத்து வாங்கியதைச் சொன்னார்கள். வெட்கப்பட்டு மூடி வைத்திருந்த கதைகள். இப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் ஒரு சபைதான்.

அடுத்த முறை உங்கள் திண்ணையில் ஒருவர் படிவத்தை விரித்தால் மோர் கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். ஆனால் அவர் தன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டும் வரை, உங்கள் ஆதார் அட்டை பெட்டியிலேயே இருக்கட்டும்.